அரங்கம் யார் பணத்தில், வருமானம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் பன்னாட்டுத் தரத்தில் கிரிக்கெட் அரங்கம் அமைக்கப்படும் என்று 2024 மக்களவைத் தேர்தலின்போது வாக்குறுதி தரப்பட்டதிலிருந்து, ஒண்டிப்புதூர் நிலம் போதுமா, எத்தனை ஆயிரம் பேர் அமரலாம் என்பதே நகரெங்கும் பேச்சாக இருக்கிறது. அதில் ஆடப்போகும் தனியார் அணிகள் என்ன வாடகை தரும், டிக்கெட், விளம்பரம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவை யார் கணக்கில் சேரும் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் இதைக் கேட்பது என் கடமை என்று கருதுகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரை ஒட்டிய நஸாவ் மாவட்டத்தில் நடந்ததை நம்மவர்கள் அறிய வேண்டும். அங்கு 1972-இல் திறக்கப்பட்ட, மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான அரங்கில் ஐலேண்டர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி ஆடிவந்தது. ஆண்டுதோறும் நட்டத்தில் ஓடிய அந்த அணியின் உரிமையாளர் சார்லஸ் வாங், வீடுகளும் கடைகளும் சூழ்ந்த பெரிய திட்டம் ஒன்றைத் தனியார் முதலீட்டில் கொண்டுவர முயன்றார். அது உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியில் சிக்கி நின்றுபோகவே, புதிய அரங்கம் கட்ட மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட்டு 40 கோடி டாலர் திரட்டித் தர வேண்டும் என்ற நிலைக்கு வந்தார். மாவட்டத்தின் நிதி நிர்வாகத்தையே மாநிலம் நியமித்த வாரியம் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்ட ஆண்டு அது. 2011 ஆகஸ்ட் 1 அன்று வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் மறுத்துவிட்டார்கள். அணி 2015-இல் புரூக்ளினுக்குப் போனது உண்மைதான். ஆனால் 2021-இல் அதே நஸாவ் மாவட்டத்தில், பெரும்பாலும் தனியார் பணத்தில், புதிய அரங்கம் எழுந்து அணியும் திரும்பிவிட்டது. அரசு கொடுக்காவிட்டால் அரங்கமே வராது என்று அன்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரம் நேர்மாறாக நடந்துகொண்டது. 2003-இல் திறந்த ஐஸ் ஹாக்கி அரங்குக்குச் சுமார் 18 கோடி டாலர் பொதுப் பணத்தைக் கொடுத்தது. 2009-இல் அங்கு ஆடிய அணி திவாலான பிறகும் அதைத் தக்கவைக்க மேலும் மேலும் செலவிட்டது. இன்று அந்த அணி மாநிலத்திலேயே இல்லை.

பொதுப் பணத்தை விளையாட்டுக்குச் செலவிடவே கூடாது என்பவன் அல்லன் நான். 2025 இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிக்காகச் சென்னையிலும் மதுரையிலும் செய்த செலவை மனமார வரவேற்றேன். கட்டாந்தரையில் பந்து எகிறி முழங்காலுக்குக் கீழே வீங்கிய காலோடு பயிற்சி செய்துவிட்டு, மாநிலப் போட்டியில் முதன்முறையாக நீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் கால் வைத்து, பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திகைத்த அரசுப் பள்ளி மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கான ஆடுகளத்துக்கு 2022-இல் உயர்ந்த சொத்து வரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். மறுப்புச் சொல்ல மாட்டோம். கார் உதிரிபாகக் கடைகள் சூழ நிற்கும் நம் நேரு ஸ்டேடியத்தின் ஓடுதளத்தில் மாலை நேரத்தில் ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால் எதற்குச் செலவிட வேண்டும் என்பது விளங்கும்.

தொழில்முறை கிரிக்கெட்டுக்குக் கொங்கு நாட்டில் அரசு அரங்கம் இல்லாததால் எதுவும் நின்றுவிடவில்லை. டி.என்.பி.எல். என்னும் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் கோவையில் கல்லூரி மைதானத்திலும், சேலத்தில் வாழப்பாடி அருகே தனியார் முயற்சியில் உருவான மைதானத்திலும் நடந்திருக்கின்றன.

எனவே, அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே ஒப்பந்த வரைவை மாமன்றத்திலும் மக்களிடமும் வைக்க வேண்டும். அணிகள் தரும் வாடகை, வருமானத்தில் அரசின் பங்கு, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, பள்ளி மாணவர்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வரைவு வெளிவரும் நாளில் தங்கள் நாளிதழ் அதை ஒரு வரி விடாமல் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சிங்காநல்லூர், கோவை.