கடன் அறிக்கை சரிபார்ப்பு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் பனியன் தொழில் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வாரமாகச் சுற்றிவரும் குரல்பதிவை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் சிபில், அதாவது தம் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கை, எடுத்துப் பார்த்ததால்தான் தம் கடன் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று ஓர் அன்பர் அதில் சொல்கிறார். பதினோரு ஆண்டுகளாக உங்கள் கணக்குகளையும் கடன் தாள்களையும் பார்த்துவரும் எங்களை இச்சொல் மிகவும் வருத்தியதால், எழுத்திலேயே விளக்கிவிட விரும்புகிறோம்.

ஒருவர் தம் கடன் அறிக்கையைத் தாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் ஒருபோதும் குறையாது. நாங்கள் எடுப்பதும் உங்களை எதிரில் அமர்த்தி, உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைக் கொண்டு, உங்கள் பெயரில்தான். கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துப் பார்ப்பதுதான் மதிப்பெண்ணைப் பாதிக்கும் விசாரணையாகப் பதிவாகிறது. குறுகிய காலத்தில் நான்கைந்து இடங்களில் விண்ணப்பிப்பவருக்கு அது பாதகமாகவே முடியும். அந்த அன்பரின் அறிக்கையில் உள்ளதை வெளியே சொல்வது முறையன்று. நாங்கள் பார்த்தது அதில் அத்தகைய விசாரணையாகப் பதிவாகவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம்.

மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாக நாங்கள் யாருக்கும் வாக்களித்ததும் இல்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, கடன் அறிக்கை தரும் நான்கு நிறுவனங்களுமே கடன் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியையும் மாற்ற இயலாது. முடித்த வண்டிக்கடன் நிலுவையாகவே நிற்பது, முன்னெழுத்தை ஒரு வங்கி விரித்தும் மற்றொன்று சுருக்கியும் பதிவதால் வேறொருவரின் கடன் நம் பெயரில் ஏறுவது, ஜாமீன் கையெழுத்திட்ட கடனின் தவறிய தவணை நம் அறிக்கையில் தெரிவது ஆகியவற்றைத்தான் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். இவற்றில் கடைசியானது பிழையன்று, அதைத் திருத்தவும் முடியாது. மற்றவற்றுக்கு ஆதாரத்தோடு மனு எழுதித் தருகிறோம். முறையான புகார் 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிறகும் தீராதவை அவ்வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தனி உரிமையாளரின் தொழில்கடன் அவருடைய பான் எண்ணிலேயே வரும். கூட்டு நிறுவனத்துக்கோ தனிப் பான், தனி அறிக்கை; தனிநபருக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் என்றால், நிறுவனத்துக்கு 1 முதல் 10 வரை தரவரிசை, அதில் 1 என்பதே சிறந்தது. அந்த அன்பருக்குத் தனிநபர் அறிக்கை, நிறுவன அறிக்கை இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டது எங்கள் குறை. இனி இரண்டையும் பார்ப்போம்.

குரல்பதிவைக் கேட்ட அன்றே நேரில் வந்து, "உங்களைத் தெரியாதா எங்களுக்கு" என்று சொல்லிச் சென்றவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். உங்களுக்கு மனமார்ந்த நன்றி. தனிநபர் அறிக்கையை நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே தருகின்றன. நாங்கள் பெறுவது மனு எழுதும் வேலைக்கு மட்டும், அது அடுத்த மாதம் முதல் 300 ரூபாயிலிருந்து 450 ரூபாயாகிறது.

அடுத்த முறை வரும்போது, முடித்த கடன்களுக்கு வங்கி தந்த நிலுவையின்மைச் சான்றிதழ்களை மறவாமல் எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்