வசந்தாவுக்கு, லாரி ஆண்டர்சனைப் பற்றி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா போன பிறகு தம்பியும் கிளம்பிவிட்டான், வீட்டில் நான் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அதற்குக் கீழே ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியே எனக்குப் போதும், மனம் நிறைந்துவிட்டது. அவளுக்கு என் ஆசிகளைச் சொல். என் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனி எழுதலாம், படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் முதல் கடிதம் உனக்குத்தான்.

நான் அனுப்பிய 'ஓ சூப்பர்மேன்' பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். "ஹா ஹா என்று ஒரே சத்தம், நடுவில் ஒரு பெண் இயந்திரம் மாதிரிப் பேசுகிறாள், இதையா இத்தனை வருடமாகக் கொண்டாடுகிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். கேட்டது நல்லதாகப் போயிற்று. அதைப் பாடிய அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சனைப் பற்றி உன்னிடம் விரிவாகப் பேச வேண்டும் என்று வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 'ஹா' அவருடைய குரல்தான். அதைப் பதிவு செய்து, பாட்டு முழுக்கத் தாளம் போல ஓடவிட்டிருக்கிறார். எட்டு நிமிடத்துக்கும் மேல் அது நிற்பதே இல்லை. குரலை இயந்திரக் குரலாக்கியது வோகோடர் என்ற கருவி. 1885-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மாஸ்னே எழுதிய 'லெ சித்' என்ற ஆப்பரா இசைநாடகத்தில் போர்வீரன் ஒருவன் இறைவனை நோக்கிப் பாடும் பிரார்த்தனை இருக்கிறது. 'ஓ சூப்பர்மேன்' அதிலிருந்து பிறந்தது. 1980-இல் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போன அமெரிக்கப் படை பாலைவனத்தில் தன் ஹெலிகாப்டரையே இழந்து திரும்பியது. அந்தத் தோல்வியும் பாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் ஆண்டர்சன் போரைப் பற்றிப் பாட ஆரம்பிக்கவில்லை. தொலைபேசி மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை, பதிவுக் கருவியில் ஒரு தாயின் குரல்: வீட்டுக்கு வருகிறாயா? அடுத்து யாரோ ஒரு அந்நியரின் குரல் விமானங்கள் வருகின்றன என்கிறது. கடைசியில் பாடுகிறவள் தாயின் கைகளைக் கேட்கிறாள். அந்தக் கைகளே மெல்ல மெல்ல ராணுவத்தின் கைகளாகிவிடுகின்றன. நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் இவ்வளவும் வருகிறது.

1981-இல் ஒரு சிறிய நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. ஜான் பீல் என்ற பிரிட்டிஷ் வானொலி அறிவிப்பாளர் எடுத்து ஒலிபரப்பினார். அந்த நாட்டின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. அதுவரை நியூயார்க்கின் கலைக்கூடங்களில் சிறு கூட்டத்துக்கு முன்னால் நிகழ்த்திக்கொண்டிருந்தவர் அவர். முதலில் வயலின் கற்றவர், பிறகு சிற்பம் படித்தவர். பரிசோதனைக் கலை என்றதும் நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் வறட்டுத்தனமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். இவர் அப்படியில்லை. அடிப்படையில் இவர் ஒரு கதைசொல்லி. கண்டுபிடித்த கருவிகளெல்லாம் கதையைக் காதுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவருவதற்காகத்தான்.

1977-இல் அவர் செய்த வயலினைப் பார். வில்லில் குதிரை முடி கிடையாது. அந்த இடத்தில் குரல் பதிவு செய்த ஒலிநாடா ஒரு சாண் நீளத்துக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கும். வயலினில் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் இடத்தில், டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் அந்தத் தலைப்பகுதி. வில்லை இழுத்தால் வயலின் பேசும். மெதுவாக இழுத்தால் குரல் கனத்து முனகும், வேகமாக இழுத்தால் கீச்சிடும், திருப்பித் தள்ளினால் சொல் பின்னாலிருந்து முன்னால் வரும். பாதி வில்லில் நிறுத்தினால் சொல்லும் பாதியில் நிற்கும். அவர் மணிக்கட்டு எந்த அளவுக்கு அசைகிறதோ அந்த அளவுக்குத்தான் அர்த்தம் நமக்குக் கிடைக்கும். இதைப் படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் விவரிக்கத் தெரியவில்லை.

அதற்கும் முன்னால், எழுபதுகளின் நடுவில், தெருவோரங்களில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பனிக்கட்டிகளுக்குள் உறைந்திருக்கும் ஸ்கேட்டிங் காலணிகளை மாட்டிக்கொண்டு நிற்பார். வயலினுக்குள் ஒலிபெருக்கி, அது பாடும் பதிவோடு சேர்ந்து இவரும் வாசிப்பார். பனி உருகிக் கால் தடுமாறும்போது கச்சேரி முடிந்தது. இத்தாலியின் ஜெனோவாவில் வாசித்தபோது, கூடியிருந்தவர்களிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் காரணம் சொன்னாராம்: பாட்டி இறந்த நாளில் உறைந்த ஏரிக்குப் போனேன், வாத்துகளின் கால்கள் பனியில் சிக்கியிருந்தன, அவர் நினைவாக வாசிக்கிறேன் என்று. கூட்டத்தில் ஒருவர் மற்றவர்களுக்கு அதை எடுத்துச் சொன்னார்: இந்தப் பெண்ணும் இவள் பாட்டியும் ஒருமுறை ஏரியில் சேர்ந்து உறைந்துபோனார்களாம்! ஆண்டர்சன் இதைத் திருத்தவில்லை. தன் மேடைக் கதைகளில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டார். ரசிகர்கள் அவரை இவ்வளவு நேசிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்கிறவர் தன் கைப்பிடிக்கு ஏற்றபடி கதையை எடுத்துக்கொள்ள அவர் இடம் விடுகிறார். அவருடைய ரசிகர்கள் இருவரைக் கேட்டால் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டுமே உண்மையாக இருக்கும்.

அவர் செய்வதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதே. 1984-இல் வந்த 'மிஸ்டர் ஹார்ட்பிரேக்' தொகுப்பில் மெருகு கூடிப்போய்விட்டது. ஆனால் 1983-இல் புரூக்ளினில் இரண்டு இரவுகளாக எட்டு மணி நேரம் நிகழ்த்திய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' பதிவை நான் சலிக்காமல் கேட்பேன். 2010-இல் சிட்னி ஆப்பரா ஹவுஸ் வாசலில் நாய்களுக்கென்றே ஒரு கச்சேரி நடத்தினார், தெரியுமா? நாய்கள் குரைத்துப் பதில் சொன்னன. அதையும் முழு மனத்தோடுதான் செய்தார். அவருக்கு எந்தக் கேட்பவரும் இளப்பமில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை நினைத்தால் அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது, இதை யாரிடம் சொல்வேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் 2015-இல் அவர் எடுத்த 'ஹார்ட் ஆஃப் எ டாக்' படம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் வளர்த்த நாயின் மரணத்தைப் பற்றிய படம் அது, ஆனால் அதன் அடியில் ஓடுவது அவருடைய தாய். தன் தாயைத் தான் நேசித்ததில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்கிறார். தாய் உன்னை நேசித்த ஒரே ஒரு கணத்தைத் தேடிப் பார் என்று அவருடைய பௌத்த ஆசிரியர் சொல்கிறார். தேடுகிறார். சிறுமியாக இருந்தபோது இரட்டைத் தம்பிகளைத் தள்ளுவண்டியில் வைத்து உறைந்த ஏரியின் மேல் தள்ளிக்கொண்டு போனதும், பனி உடைந்து வண்டி மூழ்கியதும், தண்ணீருக்குள் பாய்ந்து ஒவ்வொருவராகத் தூக்கி வந்ததும் நினைவுக்கு வருகின்றன. திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், தாய் சொன்னது: எவ்வளவு நன்றாக நீந்துகிறாய், இவ்வளவு நன்றாக முக்குளிப்பாய் என்று எனக்குத் தெரியாதே!

வாத்துகள் உறைந்த ஏரியும் தம்பிகள் மூழ்கிய ஏரியும் எனக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. அவர் அப்படிச் சேர்த்துச் சொன்னதாக நினைக்காதே, நாற்பது வருட இடைவெளியில் நான் போட்ட முடிச்சு அது.

அதே படத்தில் இன்னொன்று. 12 வயதில் நீச்சல்குள மேடையிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதித்து, தண்ணீரில் விழாமல் தரையில் விழுந்து முதுகை ஒடித்துக்கொண்டார். மருத்துவமனையில் கிடந்த கதையைப் பல வருடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சொல்லும்போதுதான், தீக்காயம் பட்ட குழந்தைகள் இரவெல்லாம் அலறியதை அந்தக் கதையிலிருந்து தான் விட்டுவிட்டது உறைத்ததாம். நீ அம்மாவைப் பற்றி எனக்குச் சொன்ன கதைகளும் வருடக்கணக்காக அதே வரிசையில்தான் வருகின்றன, வசந்தா. அவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் படத்தைப் பார். பாட்டு எங்கும் போய்விடாது, அதைப் பிறகு கடைசி வரைக்கும் கேள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் எழுது, சண்டை போடலாம். மகள் என்று வேலையில் சேர்கிறாள், நீ எப்போது இங்கே வருகிறாய், இரண்டுக்கும் தேதி சொல்லி எழுது.

அன்புடன்,
மங்கை