சங்க ஆண்டறிக்கை: பழைய பந்தைத் தூக்கிப் போடாம மறுபடி உருட்டின வருஷம்

தலைவர் ஐயாவுக்கும் பொருளாளர் அக்காவுக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும் இந்த வருஷம் புதுசா வந்து சேர்ந்த தம்பி தங்கச்சிங்களுக்கும் செயலாளரோட வணக்கம். போன ஏப்ரல்ல இருந்து இந்த மார்ச் வரைக்கும் நம்ம பௌலிங் சங்கத்துல என்னென்ன நடந்துச்சுங்கிறதுதான் இந்த அறிக்கை. புதுசா கேக்குறவங்களுக்கு, இது கிரிக்கெட் பௌலிங் இல்ல, லேன்ங்கிற நீளமான பாதையில கனமான பந்தை உருட்டி, கடைசியில நிக்கிற பின் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். வரவு செலவை அக்கா தனியா வாசிப்பாங்க, அதுக்குள்ள நான் போகல.

மாசக் கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு, சித்திரைத் திருவிழா சமயத்துல மட்டும் தள்ளி வச்சோம், அழகர் ஆத்துல இறங்குற நேரத்துல கோரிப்பாளையத்தைத் தாண்டி யார் வர முடியும். உள்ளூர் லீக் நடந்துச்சு, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நம்ம ஆளுங்க போய் விளையாடிட்டு வந்தாங்க, அதைப் பின்னாடி சொல்றேன். ஆனா இந்த வருஷம் நாம செஞ்சதுலயே உருப்படியான வேலை எதுன்னு கேட்டா பந்து பராமரிப்புதான், அதனால அறிக்கையில பாதிக்கு மேல அதுதான் இருக்கும், பொறுத்துக்கங்க.

விஷயம் எங்க ஆரம்பிச்சதுன்னா, நம்மள்ல சில பேர் மூணு நாலு வருஷம் முன்னாடி சொந்தப் பந்து வாங்குனாங்க. ஒரு பந்து 15,000, 20,000 ரூபா, அதுக்கு மேல விரல் அளவெடுத்து ட்ரில் போடுற செலவு. வாங்குன புதுசுல பின்னைப் பார்த்து சும்மா வளைஞ்சு போய் அடிக்கும், ஒரு வருஷம் போனதும் அதே கை, அதே லேன், அதே பந்து, திரும்பவே மாட்டேங்குது. "பந்து செத்துப் போச்சுண்ணே" இதே பேச்சுதான் ஒவ்வொரு கூட்டத்துலயும். நம்மூர்ல இதுக்குன்னு கடை கிடையாது, வெளியூருக்கு அனுப்பணும், 15 பவுண்டு பந்துன்னா கிட்டத்தட்ட 7 கிலோ, பார்சல் கூலியே கண்ணைக் கட்டும். அப்படி அனுப்பின ஒரு தம்பிகிட்ட அந்தக் கடைக்காரர் பந்தைத் துடைச்சுக்கூட பார்க்காம புதுசு வாங்கிக்கோன்னு சொல்லிட்டார். எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அந்தப் பையன் ஜவுளிக்கடையில வேலை பார்த்து சீட்டுப் போட்டு வாங்குன பந்து அது.

பந்து சாகல, ஆயிலைக் குடிச்சிருக்கு, அவ்வளவுதான். இதை எல்லாரும் புரிஞ்சுக்கணும்ங்கிறதுக்காக கொஞ்சம் விவரமா சொல்றேன். வீசுறப்ப கால் தாண்டக் கூடாத ஃபவுல் லைன்ல இருந்து முதல் பின் வரைக்கும் லேன் 60 அடி. அதுல சாதாரணமா முதல் 40 அடி சொச்சத்துக்கு ஆயில் போட்டிருப்பாங்க, கடைசி 20 அடி காய்ஞ்சிருக்கும், பந்து வழுக்கிக்கிட்டே போய் அந்தக் காய்ஞ்ச இடத்துல பிடிச்சுத் திரும்புறதுதான் ஹூக். அந்தக் காலத்துல பந்தைக் கட்டை மரத்துல செஞ்சாங்க, 1905 வாக்குல ரப்பர் வந்துச்சு, அப்புறம் பாலியெஸ்டர்ங்கிற பிளாஸ்டிக், 80கள்ல யூரத்தேன், 90கள் ஆரம்பத்துல ரியாக்டிவ் ரெசின். மால்ல ரேக்ல கிடக்குற ஹவுஸ் பந்து எல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர், அது ஆயிலைக் குடிக்காது, அதனாலதான் வருஷக்கணக்குல அப்படியே கிடக்கு, ஆனா பெருசா திரும்பவும் திரும்பாது. ரியாக்டிவ் பந்துக்கு மேல்தோல் முழுக்க கண்ணுக்குத் தெரியாத துளை, டீயில நனைச்ச பன்னு மாதிரி லேன்ல இருக்கிற ஆயிலை இழுத்துக்கும், பிடிப்பு வர்றதும் அந்தத் துளையாலதான், பிடிப்பு போறதும் அதாலதான். கூடவே ஒவ்வொரு கேமுக்கும் பந்து உருள்ற இடம், அதைத்தான் ட்ராக்னு சொல்றோம், தேய்ஞ்சு வழுவழுன்னு ஆயிடும். ஆக ரெண்டு வேலை, உள்ள இருக்கிற ஆயிலை எடுக்கணும், மேல தேய்ஞ்சதை மறுபடி சொரசொரப்பாக்கணும், ரெண்டுமே வீட்டுல செய்யக்கூடியதுதான்.

அரப்பாளையம் பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கிற நம்ம அண்ணன் ஞாயித்துக்கிழமைகள்ல பட்டறையை நமக்காகத் திறந்து விட்டார், அங்கதான் பயிற்சி. முதல்ல வெந்நீர். பெரிய பிளாஸ்டிக் வாளி, பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம், தண்ணி சூடு 50ல இருந்து 55 டிகிரி, 60ஐத் தாண்டவே கூடாது. விரல் ஓட்டையை எல்லாம் டேப் ஒட்டி மூடிட்டுதான் இறக்கணும். 14, 15 பவுண்டு பந்து நேரா அடியில போய் உக்காரும், 10 பவுண்டு பந்து மிதக்கும், ஏன்னா அளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், அந்த அளவுக்கான தண்ணியோட எடை 12 பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி, அதனால லேசான பந்தைக் கையால திருப்பித் திருப்பி விடணும், இல்லைன்னா மேல் பக்கம் அப்படியே நிக்கும். இருவது நிமிஷம் விட்டு எடுத்தோம். அந்த ஜவுளிக்கடைத் தம்பியோட பந்துதான் முதல்ல போச்சு, கொஞ்ச நேரத்துலயே ட்ராக் ஓடுற வளையத்துல மட்டும் சின்னச் சின்ன முத்தா ஆயில் வேர்த்து நின்னுச்சு, தண்ணி மேல பளபளன்னு படலம், வாளி ஓரத்துல விரலை வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. சுத்தி நின்ன எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்க, இவ்வளவையும் இந்தப் பந்துதான் வச்சிருந்துச்சான்னு. தண்ணியை மாத்தி மறுபடி ஒரு தடவை, எடுத்ததும் துண்டால நல்லா துடைச்சு நிழல்ல ஒரு நாள் ஆற விடணும். நம்மூர் போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி, காய்ஞ்சா வெள்ளையா படியும், அதனால கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில பண்ணுங்க. 50, 60 கேமுக்கு ஒரு தடவை இப்படிப் பண்ணினா போதும்.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். கொதிக்கிற தண்ணி வேண்டாம், ஓவன் வேண்டாம், மொட்டை மாடி வெயில்ல காய வைக்கிறது வேண்டவே வேண்டாம். மேல்தோல் சீக்கிரம் சூடாகும், உள்ள இருக்கிற கோர் மெதுவா சூடாகும், ரெண்டும் ஒரே மாதிரி விரியாது, பந்து வெடிச்சிரும். நம்ம உறுப்பினர் ஒருத்தர் மே மாசம் மாட்டுத்தாவணியில காரை நிறுத்திட்டு திருச்சி வரைக்கும் பஸ்ல போயிட்டு வந்தார், டிக்கியில பந்து. அக்னி நட்சத்திரத்துல மூடின டிக்கிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, வந்து பார்த்தா கட்டைவிரல் ஓட்டையில இருந்து நடுவிரல் ஓட்டை வரைக்கும் கீறல் ஓடியிருக்கு. மயிரிழை கீறல்தான், ஆனா விரல் ஓட்டைக்கு நடுவுல வந்ததால எபாக்ஸி வச்சு அடைச்சாலும் நம்பி வீச முடியல. மதுரையில இருக்கிறவங்களுக்கு இதைவிட முக்கியமான பராமரிப்பு எதுவும் இல்லன்னு நான் சொல்வேன்: பந்து வீட்டுக்குள்ள இருக்கணும், கட்டிலுக்கு அடியிலயோ பீரோ பக்கத்துலயோ, கார்ல இல்ல.

அடுத்தது தேய்க்கிறது. பந்தைச் சுத்தி விடுற ஸ்பின்னர் வெளிநாட்டுல இருந்து வாங்கினா நமக்குக் கட்டுப்படியாகாது, லேத் அண்ணன் பழைய கிரைண்டர் மோட்டாரை எடுத்து, பெல்ட்டுக்கு பெரிய புல்லி போட்டு வேகத்தைக் குறைச்சு, மேல ஒரு கிண்ணம் வெல்டிங் வச்சு, கிண்ணத்து விளிம்புல ரப்பர் ஒட்டி ஒரு ஸ்பின்னர் செஞ்சு கொடுத்திருக்கார், சங்கத்துக்காகக் காசு வாங்கல, சாமான் செலவு மட்டும்தான். அண்ணனுக்கு இந்தப் பொதுக்குழு எழுந்து நின்னு கைதட்டணும்னு கேட்டுக்கிறேன்.

தேய்க்கிறதுக்கு அப்ராலான் பேட், பின்லாந்துல மிர்கா கம்பெனி பண்றது, பின்னாடி ஸ்பாஞ்ச் வச்சிருக்கும், அதனால பந்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி உக்காரும். நம்பர் கம்மின்னா சொரசொரப்பு ஜாஸ்தி, 360, 500, 1000, 2000, 4000ன்னு ஏறும். பெயிண்ட் கடையில கிடைக்கிற வாட்டர் பேப்பரை வச்சும் சில பேர் தேய்ச்சாங்க, அவசரத்துக்கு ஆகும், ஆனா வெறும் கையில பிடிச்சா விரல் அழுத்துற இடத்துல மட்டும் கோடு விழுது, ஸ்பாஞ்ச் துண்டுல சுத்திப் பிடிச்சா பரவாயில்ல. பேட் எப்பவும் ஈரமா இருக்கணும், தூசியும் பறக்காது, பேட்டும் அடைச்சுக்காது. ஒரு பக்கம் தேய்ச்சுட்டு பந்தைத் தலைகீழாத் திருப்பி, அப்புறம் விரல் ஓட்டை பக்கவாட்டுல வர்ற மாதிரி வச்சு, அதையும் திருப்பி, ஆக நாலு பக்கம். ஒவ்வொரு நம்பருக்கும் இந்த நாலு பக்கமும் வரணும், ஒரே நேரம், ஒரே அழுத்தம், ஒரு பக்கம் கூடக் குறைய தேய்ச்சா பந்து ஒரு நாள் ஒரு மாதிரி திரும்பும். நீலப் பந்தைத் தேய்ச்சா நீலமாவே தண்ணி வழியும், சட்டையில பட்டா போகாது, பழைய லுங்கி, பனியனோட வாங்க. அடுத்த நம்பருக்குப் போறதுக்கு முன்னாடி பந்தையும் கையையும் நல்லா கழுவிட்டு வாளித் தண்ணியையும் மாத்தணும், 500 பேட்டோட ஒரே ஒரு துகள் மிச்சம் இருந்தாலும் 2000ல தேய்க்கும்போது கோடு கிழிச்சிரும். ஸ்பின்னர் இல்லாதவங்க வீட்டுல பந்தைப் பழைய சும்மாட்டு மேல வச்சு கையாலயே பண்ணலாம், நேரம் ஜாஸ்தி ஆகும், கை வலிக்கும், ஆனா ரிசல்ட் வரும், நம்ம தங்கச்சி ஒருத்தி திருநகர் வீட்டுல அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருக்கா, அவ பந்து பட்டறைப் பந்தைவிட சீரா இருக்கு.

இதுல நம்ம ஆளுங்ககிட்ட ஒரு நினைப்பு இருக்கு, பளபளன்னு இருந்தாதான் நல்ல பந்துன்னு. கார் பாலிஷைப் போட்டுக்கூட தேய்ச்சாங்க, தயவுசெஞ்சு அது வேண்டாம், மெழுகு துளையை எல்லாம் அடைச்சிரும். மங்கலா 500ல, 1000ல விட்ட பந்து ஆயில்லயும் பிடிக்கும், சீக்கிரமே திரும்ப ஆரம்பிக்கும், ஆயில் நிறைய இருக்கிற லேனுக்கு அது சரி. ஆனா காய்ஞ்ச லேன்ல அதே பந்து பாதியிலயே சக்தியை விட்டுட்டு பின்கிட்ட போறப்ப சோர்ந்து போகும். பௌலிங் பந்துக்குன்னே வர்ற பாலிஷ் போட்டது நீளமா வழுக்கிப் போய் கடைசியில வெடுக்குன்னு திரும்பும். நம்ம மால் லேன்ல சனி ஞாயிறு கூட்டத்துக்கு அப்புறம் ஆயில் காய்ஞ்சு கிடக்கும், அங்க 2000க்கு மேல வச்சா நல்லது, இது என்னோட அபிப்பிராயம், மாத்துக் கருத்து இருந்தா கூட்டத்துல பேசுவோம்.

தினசரி வேலை ஒண்ணே ஒண்ணுதான், வீசிட்டு பந்து திரும்பி வந்ததும் மைக்ரோஃபைபர் துணியால ட்ராக்கைத் துடைக்கணும், அன்னைக்கு ஆட்டம் முடிஞ்ச கையோட ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல முழுசா துடைக்கணும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு விட்டா அதுக்குள்ள ஆயில் உள்ள இறங்கியிரும். அசிட்டோன் தொடாதீங்க, தோலை அரிச்சிரும். போட்டி விதியும் தெரிஞ்சுக்கங்க, அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 2019 ஆகஸ்ட்ல இருந்து ஆட்டத்துக்கு நடுவுல லிக்விட் போட்டு துடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, காய்ஞ்ச துண்டு மட்டும்தான். நம்ம லீக்லயும் அதையே தீர்மானமா போட்டாச்சு, ஆட்டம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பேட் வச்சு தேய்க்கிறதுக்கும் தடை.

போட்டி விஷயம். சென்னையில நம்ம பசங்க பரிசு வாங்கல, ஆனா செத்துப் போச்சுன்னு சொன்ன அதே பந்தை வச்சு ஜவுளிக்கடைத் தம்பி முதல் சுத்தைத் தாண்டினான், எனக்கு அது கப்பு வாங்கினதுக்குச் சமம். நம்ம தமிழ்நாட்டு ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய சாம்பியன் ஆனவர், ஏசியன் கேம்ஸ்ல 1978 பாங்காக்லயே இந்த ஆட்டம் வந்தாச்சு, அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு தெக்குச் சீமையில இருந்தும் ஆள் போகணும்னா பந்துக்குக் காசில்லன்னு யாரும் நிக்கக் கூடாது, அதுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

உறுப்பினர் சேர்க்கை இந்த வருஷம் பரவாயில்ல, பொம்பளப் புள்ளைங்க கூடியிருக்காங்க, சந்தோஷம். லேன் நிர்வாகத்துகிட்ட என்னைக்கு எவ்வளவு ஆயில் போடுறாங்கன்னு எழுதி ஒட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கோம், பதில் வரல, மறுபடி கேப்போம்.

வர்ற வருஷத்துக்கு செயற்குழு மூணு விஷயம் முன்வைக்குது. அப்ராலான் பேட்டை மொத்தமா வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலையில கொடுக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு நோட்டு, எத்தனை கேம் ஆச்சு, என்னைக்கு வெந்நீர் காட்டுச்சு, கடைசியா எந்த நம்பர்ல தேய்ச்சதுன்னு எழுதி வைக்கணும், தேய்க்கத் தேய்க்க தோல் குறையும், அதனால கணக்கு இல்லாம தேய்க்கக் கூடாது. பழைய பந்து சும்மா கிடந்தா சங்கத்துக்குக் கொடுங்க, கழுவித் தேய்ச்சு, ஓட்டையை அடைச்சு, வெளியூர்ல மறுபடி ட்ரில் போட்டு பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கொடுப்போம், ட்ரில் செலவை எப்படிச் சமாளிக்கிறதுன்னு அக்கா கணக்கு வாசிச்சதும் பேசலாம்.

ஸ்பின்னர் பட்டறையிலயேதான் இருக்கும், ஞாயிறு காலையில 10 மணியில இருந்து 1 மணி வரைக்கும், வர்றவங்க முந்தின நாளே அண்ணனுக்கு போன் பண்ணிச் சொல்லிருங்க, துண்டும் டேப்பும் அவங்கவங்க கொண்டு வரணும்.

இப்படிக்கு,
செயலாளர்