பீங்கான் கோப்பையை யார் கழுவுவது? ஸ்டார்பக்ஸ் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

திரு. பிரையன் நிக்கோல் அவர்களுக்கு,

வணக்கம். 2024 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸ் காபிக்கடை நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற கையோடு நீங்களும் ஒரு திறந்த மடல் எழுதினீர்கள். அமெரிக்கக் கடைகள் சிலவற்றில் மெனு திணறடிக்கிறது, காத்திருப்பு நீள்கிறது, காபியை வாங்கும் இடத்தில் ஒரே களேபரம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். தலைவர்கள் இப்படி எழுதுவது அபூர்வம். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் செய்தவற்றில் நல்லவை உண்டு. ஓட்ஸ் பாலுக்கும் பாதாம் பாலுக்கும் வாங்கிவந்த கூடுதல் காசை நிறுத்தினீர்கள். கொரோனா காலத்தில் காணாமல் போன பால், சர்க்கரை மேசை திரும்ப வந்தது. உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பீங்கான் கோப்பை வந்தது. மெனுவும் இளைத்தது. எல்லாம் சரி. அந்தப் பீங்கான் கோப்பையை யார் கழுவுவது?

காலை நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பாரிஸ்டாவை, அதாவது காபி போடும் ஊழியரைப் பாருங்கள். மொபைல் ஆர்டர்களுக்கான ஸ்டிக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. காரில் இருந்தபடியே வாங்க வருபவரின் குரல் காதில் மாட்டிய கருவியில் கேட்கிறது. எதிரே வரிசை. இதற்கு நடுவே மார்க்கரை எடுத்து, கோப்பையில் இரண்டு அன்பான வார்த்தை எழுத வேண்டும். காபியும் நான்கு நிமிடத்துக்குள் கைக்கு வர வேண்டும் என்பது உங்கள் இலக்கு. ஆற அமர உட்காருங்கள் என்று ஒரு பக்கம், சீக்கிரம் சீக்கிரம் என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இருப்பது அதே இரண்டு கைகள்தான். உத்தரவு போட்டு எழுதவைக்கிற அன்பு எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு முன் ஸ்டார்பக்ஸை நடத்திய ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2008இல் தலைமைக்குத் திரும்பி வந்தபோது என்ன செய்தார்? பிப்ரவரி 26 மாலை, அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளை மூன்றரை மணி நேரம் போல இழுத்து மூடினார். எஸ்பிரெஸோவை ஒழுங்காக எடுப்பது எப்படி என்று ஊழியர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தார். வாடிக்கையாளரும் பாரிஸ்டாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி மறைத்த உயரமான இயந்திரங்களையும் மாற்றத் தொடங்கினார். அவரை ஒன்றும் தலையில் தூக்கி வைக்கவில்லை. அதே ஆண்டு 600 கடைகளை மூடப்போவதாக அறிவித்தவரும் அவர்தான், பின்னாளில் தொழிற்சங்கத்தோடு மல்லுக்கட்டியவரும் அவர்தான். ஆனால் கோளாறு கவுண்டருக்கு அந்தப்பக்கம் இருக்கிறது என்று புரிந்து அங்கே நேரத்தைச் செலவழித்தார்.

நீங்களும் அதைப் புரிந்துகொண்டதாகத்தான் தெரிகிறது. ஊழியர்களின் வேலை நேரத்தைக் கூட்ட 50 கோடி டாலருக்கு மேல் ஒதுக்குவதாக 2025இல் அறிவித்தீர்கள். நல்ல செய்தி. ஆனால் இன்று மனமுவந்து கொடுக்கும் மணிநேரத்தை, விற்பனை படுத்துவிட்டால் அடுத்த காலாண்டிலேயே பிடுங்கிக்கொள்ளலாமே? எழுத்தில் எங்கே இருக்கிறது?

எழுதிக்கொடுக்க ஒரு வழி நான்கு ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. பஃபலோ நகரத்து ஊழியர்கள் 2021 டிசம்பரில் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அப்புறம் 500க்கும் மேற்பட்ட கடைகள் சேர்ந்துகொண்டன. 2025 நவம்பரில், நீங்கள் சிவப்புக் கோப்பையை இலவசமாகக் கொடுக்கும் சிவப்புக் கோப்பை நாளன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோதும் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. போதிய ஆட்கள், நிச்சயமான வேலை நேரம், சம்பளம்: அவர்கள் கேட்பது இவ்வளவுதான். 2024இல் உங்களுக்கு வழங்கப்பட்டது சுமார் 9.6 கோடி டாலர். பெரும்பகுதி பங்குகள்தான், தெரியும். இருந்தாலும் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த எண்ணை மறந்திருக்க மாட்டார்கள்.

ஒதுக்கிய மணிநேரத்தை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும், விற்பனைக் கணக்குக்குப் பக்கத்தில், பேச்சு எந்த அளவில் நிற்கிறது என்று ஒரு வரி சேருங்கள். பங்குதாரர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
பங்கு வாங்காமல் காபி மட்டும் வாங்குகிற ஒருவர்