லட்சுமிகளின் பெற்றோருக்கும் மற்ற எல்லாப் பெற்றோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்க்கும் வேலை பள்ளியில் தொடங்கிவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறிவிட்ட பெயரில் ஓர் எழுத்தை மாற்றுவதென்றாலும் அப்புறம் திருவனந்தபுரத்துப் பரீட்சா பவன் என்ற தேர்வுத் துறை அலுவலகம் வரை மனு போக வேண்டும். அதனால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த மாதமே பார்த்துவிடுங்கள். கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் நமக்கு இதில் சிக்கல் கொஞ்சம் கூடுதல். சிலருக்குப் பிரசவம் பாலக்காட்டுச் சித்தூரில், சிலருக்குப் பொள்ளாச்சியில். ஒரு சான்றிதழ் மலையாளம், ஒன்று ஆங்கிலம், பள்ளியில் சேர்க்கும்போது வாயால் சொன்னது தமிழ். ஒரே பெண் ஒரு தாளில் லட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி, வேறொன்றில் லக்ஷ்மி.

எழுத்துத் திருத்தம் கேட்டு வருபவர்களோடு, பெயரையே மாற்றக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். "பழைய பெயரா இருக்குதுங்க டீச்சர், புள்ள அழுவுது" என்று ஓர் அம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் தலை நிமிரவில்லை. அவள் பெயர் முத்துலட்சுமி. எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வந்தவர்களும் உண்டு. மகாலட்சுமி, ஜெயலட்சுமி, தனலட்சுமி, சுப்புலட்சுமி, பாக்கியலட்சுமி என்று நம் அட்மிஷன் ரெஜிஸ்டரில் எந்த வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினாலும் இந்தப் பெயர் இருக்கும். பாட்டி பெயர், வெள்ளிக்கிழமை பிறந்தவள், வீட்டுக்கு முதல் பெண் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும்.

பெயரை மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை. கெசட் (அரசிதழ்) மூலம் அதற்கு வழியும் இருக்கிறது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்த முடிவுக்கு முன், இந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் யார் யார் என்று உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டும். வகுப்பில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். வீட்டிலும் பேச்சு நடக்கட்டும் என்றுதான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் நம் மாவட்டத்தோடு உறவுள்ள லட்சுமி. நம் சித்தூர்ப் புழை ஓடிப்போய்ச் சேர்கிற பாரதப்புழையை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஆனக்கரை என்ற ஊர் இருக்கிறது. அங்கே வடக்கத்து வீட்டில் பிறந்தவர் அம்மு. பதின்மூன்று பதினான்கு வயதிலேயே கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவர். பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவர், கணவர் வீட்டில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். அம்மு சுவாமிநாதன் என்று வரலாற்றில் இருப்பவர் அவர்தான். அவருடைய மகள் லட்சுமி, 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார்.

சின்ன வயதில் கேரளத்துப் பாட்டி வீட்டுக்கு வருவார். சுற்றிலும் காட்டிலிருந்து பழங்குடி மக்கள் குரல் கொடுப்பது கேட்கும். அவர்கள் நிழல் பட்டாலே தீட்டு என்பது பாட்டியின் பேச்சு. லட்சுமி ஒருநாள் நேராகப் போய் ஒரு பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விளையாடினார். பாட்டிக்கு வந்த கோபத்தைப் பற்றிப் பெண் கவலைப்படவில்லை. இதை வகுப்பில் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் புள்ள பேரு என்ன டீச்சர்?" அந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. எனக்கும்தான்.

அந்த லட்சுமி 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1940-இல் சிங்கப்பூர் போய், தோட்ட வேலைக்கும் கூலி வேலைக்கும் கடல் தாண்டிப் போயிருந்த நம் ஏழை மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1943-இல் சுபாஷ் சந்திரபோஸ் அங்கே வந்து பெண்களுக்கு ஒரு படை வேண்டும் என்றபோது முன்னே வந்து அதற்குத் தலைமை ஏற்றார். அதனால்தான் கேப்டன் லட்சுமி. படையில் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தென்னந்தோப்புக்கும் மாந்தோப்புக்கும் வேலைக்குப் போகும் தாய்மார் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்தத் தோட்டங்களில் வேலைசெய்த கைகள்தான் அந்தத் துப்பாக்கியைப் பிடித்தன.

அந்தப் படைக்கு வைத்த பெயரும் ஒரு லட்சுமியின் நினைவுதான், ஜான்சி ராணிப் படை. ஜான்சி ராணிக்குப் பெற்றோர் வைத்த பெயர் மணிகர்ணிகா. அரசர் கங்காதர ராவைக் கல்யாணம் செய்து வந்தபோது லட்சுமிபாய் ஆனார். 1853-இல் அரசர் இறந்தார். தத்தெடுத்த பிள்ளைக்கு உரிமை இல்லை என்று கம்பெனி அரசு அடுத்த வருஷம் நாட்டை எடுத்துக்கொண்டது. 1858 ஜூனில் குவாலியருக்கு அருகே குதிரைமேல் போரிட்டு மடிந்தார். அவர் கதை பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் இங்கே நீட்டவில்லை.

கேப்டன் லட்சுமி போருக்குப் பின் கான்பூரில் குடியேறி, தொண்ணூறு வயது தாண்டியும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவோடு போனார். 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார், தோற்றார். 2012-இல் காலமானார்.

அடுத்து, என் மேசைக்கு எதிரே தலைகுனிந்து நின்ற அந்தப் பெண்ணின் பெயரோடு வாழ்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவளுக்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தக் கல்யாணத்துக்காகத் தந்தையை அவர் சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்தார்கள். பெண் வயதுக்கு வந்ததும் வீட்டில் வைத்தே தந்தை பாடம் சொல்லிக்கொடுத்தார், மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்கு மேல் ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டும்தான். பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்று எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார், சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர். 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண் இவர்தான். கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து மன்றத்தில் பேசினார். அதை ஒழிக்கும் முழுச் சட்டம் வர 1947 வரை ஆயிற்று. அந்த வாழ்க்கையிலிருந்து தப்பித்து வந்த பெண்பிள்ளைகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காமல் வருஷக்கணக்காகப் பணம் திரட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார்.

வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கமோ கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமோ மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தவர் சுப்பலட்சுமி. பன்னிரண்டு வயதுகூட நிறையாதபோது கல்யாணம், அதை அடுத்தே கணவரின் மரணம். அந்தக் காலத்தில் அப்படியொரு பெண்ணுக்கு மொட்டையும் மூலையும்தான். தந்தை சுப்பிரமணிய ஐயர் அதற்கு ஒப்பவில்லை. படிக்க வைத்தார். உறவினர் பேச்சையும் தெருவின் பேச்சையும் தாங்கிக்கொண்டு அவர் படித்து, 1911-இல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். அடுத்த வருஷமே தன்னைப் போன்ற சிறுமிகள் சிலரைச் சேர்த்து ஓர் இல்லம் தொடங்கினார். அது வளர்ந்து கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுசுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடம் அது, இப்போது விவேகானந்தர் இல்லம். அங்கே இருந்து படித்த பெண்களில் பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். இந்த வேலையில் இருக்கும் பெண் என்ற முறையில் எனக்கு எல்லா லட்சுமிகளிலும் மேலானவர் இந்தச் சகோதரி சுப்பலட்சுமிதான். கேப்டன் லட்சுமியைப் பிள்ளைகள் கொண்டாடட்டும், அதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் விடிகாலை உங்கள் மகளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளி பஸ்ஸுக்கு அனுப்புகிறீர்களே, அந்த வழியை வெட்டியவர்களில் இவர் ஒருவர்.

எம்.எஸ். சுப்புலட்சுமியைத் தெரியாதவர் இல்லை. மார்கழிக் காலையில் நம் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும் சுப்ரபாதம் அவர் குரல். 1916-இல் மதுரையில் பிறந்தார். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998-இல் பாரத ரத்னா பெற்றார், இசைக்காக அந்த விருதை வாங்கிய முதல் ஆள். எனக்கு இங்கே சொல்ல வேண்டியது அவருடைய இனிஷியல். எம் என்பது மதுரை. எஸ் என்பது சண்முகவடிவு, வீணை வாசித்த அவருடைய அம்மா. தனியாக நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மார் சிலர் இனிஷியல் கட்டத்தை நிரப்பும்போது தயங்குவதைப் பார்க்கிறேன். தயங்க வேண்டாம். அம்மாவின் எழுத்தோடு உலகம் சுற்றிய பெயர் நம் கண்முன் இருக்கிறது.

நம் மாநிலத்தின் தென்கோடியில், பொன்முடி மலைக்குப் போகும் வழியில் உள்ள கல்லாறு காட்டில் லட்சுமிக்குட்டி இருக்கிறார். காணிப் பழங்குடியைச் சேர்ந்தவர். 1950-களில் தன் குடியிருப்பிலிருந்து காட்டுவழி நடந்து பள்ளிக்குப் போய் எட்டாம் வகுப்பு வரை படித்தார். பச்சிலை மருந்துகள் நூற்றுக்கணக்கில் அவருக்கு மனப்பாடம், பாம்புக்கடிக்கு அவரைத் தேடி வந்தவர்கள் ஏராளம். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். (பிள்ளைகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பாம்பு கடித்தால் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.)

இன்னும் இருக்கிறார்கள். விஜயலட்சுமி பண்டிட் 1953-இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவரான முதல் பெண். திருவனந்தபுரத்து லட்சுமி என். மேனன் மத்திய அரசில் வெளியுறவுத் துறை இணை அமைச்சராக இருந்தவர். எழுத்தாளர் அம்பையின் சொந்தப் பெயர் லட்சுமி. அதற்கு நேர்மாறாக, திரிபுரசுந்தரி என்ற டாக்டர் 'லக்ஷ்மி' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு கதைகள் எழுதினார், இருவருமே சாகித்திய அகாதமி விருது வாங்கியவர்கள். கந்த சஷ்டி கவசம் பாடிய சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும்.

அக்டோபர் 24, கேப்டன் லட்சுமியின் பிறந்தநாள். அன்று பிற்பகல் 2 மணிக்குப் பள்ளி முற்றத்தில் நம் லட்சுமிகள் எல்லோரும் ஆளுக்கொரு லட்சுமியைப் பற்றிப் பேசப் போகிறார்கள். தமிழில் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். லட்சுமி இல்லாதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவரவர் பெயருக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். ஃபாத்திமாக்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் பின்னர் தமிழ்நாட்டு ஆளுநருமான ஃபாத்திமா பீவி. அன்னம்மாவுக்கும் அன்னாளுக்கும் கேரளம் அள்ளித் தந்திருக்கிறது: உயர் நீதிமன்ற நீதிபதி அன்னா சாண்டி, பீர்மேட்டில் பிறந்த வானிலை விஞ்ஞானி அன்னா மாணி, ஓசூரில் சப்-கலெக்டராக இருந்த, நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அன்னா ராஜம். பாட்டிமார்களையும் கூட்டி வாருங்கள். உங்கள் வீட்டில் இந்தப் பெயர் யாரிடமிருந்து வந்தது, அவர் என்ன வேலை செய்தார், எதுவரை படித்தார் என்பதை மகளுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அதையும் சேர்த்துத்தான் பேசச் சொல்லியிருக்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பெற்றோர் மட்டும் கொஞ்ச நேரம் இருங்கள். மேலே நான் எழுதிய பெண்களில் முத்துலட்சுமிக்கும் சுப்பலட்சுமிக்கும் ஒரு தந்தை துணை நின்றார், கேப்டன் லட்சுமிக்கு ஒரு தாய் இருந்தார். ஊர் பேசியபோதும் அவர்கள் பெண்ணை நிறுத்தவில்லை. நம் பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க்கில் தேறிய பிறகும் சில பெண்பிள்ளைகள் பிளஸ் ஒன்னுக்கு விண்ணப்பிப்பதில்லை. தமிழில் படித்தவள் இங்கிலீஷில் எப்படிச் சமாளிப்பாள், பஸ் இறங்கித் தனியாக நடக்க வேண்டும், நல்ல இடம் ஒன்று கேட்டு வந்திருக்கிறது என்கிறீர்கள். இந்தக் கவலைகள் எனக்குப் புரியும், எதையும் தள்ளிவிட மாட்டேன். உட்கார்ந்து பேசுவோம். இங்கிலீஷுக்கு ஜனவரியிலிருந்து மாலையில் தனி வகுப்பு எடுக்க நம் ஆசிரியைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தைப் பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பித் தருவோம். ஒரே பக்கத்திலிருந்து போகும் பிள்ளைகள் ஒரே பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் துணைக்குத் துணையாகவும் இருக்கும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடாக இருந்தால், அப்பா அம்மா இருவரும் வாருங்கள், மகளையும் கூட உட்கார வைத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை