பொழிக்கரைப் படகுத்துறைகளும் காயலின் அடித்தரையும்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் வள்ளக்காரர்கள், வலைக்காரர்கள், மட்டி வாரும் பெண்கள், காயற்கரையில் வீடும் விடுதியும் வைத்திருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழையும் கடல் கொந்தளிப்பும் மிகுந்த ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் கூட்டம் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் அப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

இவ்வறிக்கையின் மீதமுள்ள பகுதி முழுவதும் ஒரே பொருளைப் பற்றியது. சென்ற பொதுக்குழுவில் காயலின் மேற்குக் கரையில் ஒரு வீட்டுக்காரர் புதிதாகப் படகுத்துறை நீட்டப்போவதை எதிர்த்து உறுப்பினர் பலர் பேசியபோது, அவர் எழுந்து, "எனக்க துறை மட்டும்தான் காயல கெடுக்குதா? உங்க சங்கத் துறையும் அங்கதானே நிக்குது?" என்று கேட்டார். அதற்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. ஆகவே, நமது துறை உட்பட, பொழிமுகத்திலிருந்து (ஆறு கடலில் சேரும் வாய்) மேலே பாலம் வரை இரு கரையிலும் உள்ள அனைத்துத் தனியார் துறைகளையும் ஒன்றாகப் பார்த்து அறிக்கை தருமாறு பொதுக்குழு பணித்தது. துறை என்று இங்கே நான் குறிப்பது பலகைத் துறை, சிமென்டுத் தூண் துறை, நீலப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்ட மேடை, படகு கட்டும் நங்கூரச் சங்கிலி ஆகிய நான்கையும்தான். தூண்டில் வளைவுகளும் (கடலுக்குள் நீளும் கல்தடுப்புகள்) கடற்சுவர்களும் அரசின் பணிகள் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. "கடலையே கல்லால கட்டிப் போட்டாச்சு, இந்தப் பலகையா பெரிசு?" என்று கேட்டவர்களுக்கு, அந்தக் கேள்வி நியாயமானதே, ஆனால் பலகை மட்டுமே நம் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நமது காயலின் தன்மையை முதலில் சொல்லியாக வேண்டும். நமது கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு மணக்குடியிலும், குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்திலும் கடலில் சேர்வது போலவே, நமது ஆறும் பொழியை அடைந்த பின் வடக்குத் தெற்காக நீண்ட ஒரு காயலாகிக் கிடக்கிறது. கோடையில் மணல்திட்டு பொழியை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி உப்பு மாறுகிறது. மழையில் பொழி உடைந்தால் ஒரே இரவில் காயலின் முகமே வேறாகிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. ஆகவே ஒரு துறையின் அடியில் வைகாசியில் பார்த்ததையும் ஐப்பசியில் பார்த்ததையும் ஒப்பிட்டுத் துறையைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஒவ்வொரு துறைக்கும் அருகிலேயே, அதே ஆழமும் அதே சேறும் உள்ள, துறை இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இந்த ஒழுங்கை வற்புறுத்திய கல்லூரி ஆசிரியருக்கு, ஒவ்வொரு நடையும் அதனால் இரு மடங்கானபோதிலும், சங்கம் நன்றி தெரிவிக்கிறது.

இந்த ஒழுங்கு முதல் நாளே பயன்பட்டது. கிழக்குக் கரையில் ஒரு துறையின் அடியில் சேறு கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தது. துறைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டியபோது, துறை இல்லாத அடுத்த இடத்தையும் தோண்டினோம். அங்கும் அதே கரும் சேறு, அதே நாற்றம். அது பழைய கதம்பைக் குழி, அதாவது தேங்காய் மட்டையை ஊறப்போட்ட குழி. நம் தாத்தாக்கள் கயிறு திரிக்கக் கதம்பை அழுக்கிய இடம், இன்றும் அந்தக் காலத்தின் வாசனையோடு கிடக்கிறது. அந்தத் துறையைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

மற்ற இடங்களில் நாங்கள் கண்டதில் முதன்மையானது நிழல். வற்று நேரத்தில், அதாவது தண்ணீர் இறங்கியிருக்கும்போது, சேற்றுத் தரையைக் குனிந்து பார்த்தால், வெயில் படும் இடத்தில் மெல்லிய பொன்பழுப்பு நிறப் படலம் ஒன்று தெரியும். அது கண்ணுக்குத் தெரியாத பாசிகள் சேர்ந்து உண்டாக்கும் படலம். மடவை மீன் அதைத்தான் மேய்கிறது. மேய்ந்த இடத்தில் அதன் உதட்டுத் தடம் பதிந்திருக்கும். எங்கள் சங்கத் துறையின் ஓரத்தில் நான் குந்தி இருந்து பார்த்தபோது, பலகையின் விளிம்புக்கு நேர் கீழே அந்தப் படலம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் நின்றுவிட்டிருந்தது. கோட்டுக்கு வெளியே பழுப்பும் மீன்வாய்த் தடங்களும். உள்ளே வெறும் சாம்பல் சேறு. மட்டி வாருவதில் நம்மில் மூத்த அம்மா ஒருவர் அதைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. "நெழலுக்க அடியில மட்டி கெடக்காது மக்களே, இது இப்பந்தான் தெரியுமா?" என்றார். (மட்டி என்றதும் வாழைப் பழக்குலை நினைவுக்கு வரும் நாகர்கோவில் உறுப்பினர்களுக்கு: இது ஓட்டுக்குள் வாழும் சிப்பி இனத்து மட்டி.)

துறையின் நிழல் பற்றி உலகில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கடற்புல்லும் சதுப்புப் புல்லும் உள்ள கரைகளில் துறைகள் பெருகியபோது, அவற்றின் அடியில் புல் செத்துப்போவதைப் பார்த்து, அமெரிக்காவின் புளோரிடாவில் 2001-ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்று வகுத்தார்கள். சராசரி ஏற்றமட்டத்திற்கு மேல் குறைந்தது 5 அடி உயரம் வேண்டும், நடைபாதை 4 அடிக்கு மேல் அகலம் கூடாது, பலகைக்குப் பதில் கம்பிவலைத் தட்டு போட்டால் அதில் 43 விழுக்காடாவது திறந்திருக்க வேண்டும், இயன்றவரை துறை வடக்குத் தெற்காக நீள வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். உயரம் கூடினால் நிழல் மெலிகிறது; வடக்குத் தெற்காக இருந்தால் காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நிழல் நகர்ந்து, எந்த இடமும் நாள் முழுவதும் இருளில் கிடப்பதில்லை.

இதில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. காயல் வடக்குத் தெற்காகக் கிடப்பதால், கரையிலிருந்து நேரே நீட்டும் எந்தத் துறையும் கிழக்கு மேற்காகவே அமைகிறது. நாமோ 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறோம். சித்திரை விஷுவை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நமது உச்சந்தலைக்கு நேரே போகிறது. அந்த நாட்களில் சூரியன் துறையின் நீளத்தோடேயே கிழக்கிலிருந்து மேற்கே பயணம் செய்வதால், துறையின் அடியில் உள்ள அதே சேற்றுப் பட்டைக்குக் காலை முதல் மாலை வரை வெயிலே கிடைப்பதில்லை. மேலும் இங்கே ஏற்றவற்று ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் உயரமாகக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. எல்லாத் துறையும் தண்ணீரை முத்தமிடும் உயரத்தில்தான் நிற்கிறது. திசையை மாற்ற முடியாது. ஆகவே உயரமும் பலகை இடைவெளியும் மட்டுமே நாம் திருத்தக்கூடியவை.

தூண்களைப் பற்றி உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தூண்களில் ஒட்டுச் சிப்பியும் கொட்டலசும் படிகின்றன. கரிமீன் கடினமான பரப்பில் முட்டையை ஒட்டிவைத்துத் தாயும் தந்தையுமாகக் காவல் இருக்கும் மீன் என்பதால், தூணடியில் கரிமீன் கிடைப்பது உண்மைதான். தூண்டில் போடுபவர்கள் துறைகளை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் சேற்றுத் தரையில் வாழும் மட்டியும் புழுவும் நண்டும் தூணில் வாழ முடியாது. ஒன்று வந்த இடத்தில் மற்றொன்று போகிறது. எது மேல் என்பதைத் தூண்டில்காரரிடம் கேட்டால் ஒரு பதிலும், மட்டிக்காரரிடம் கேட்டால் வேறொரு பதிலும் வரும். தூணின் பொருள்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. பனந்தடியால் கேடில்லை. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றிய பச்சை நிற மரம் தண்ணீரில் நின்றால் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சிப்பிகளில் ஏறுகின்றன. அத்தகைய மரத்தை வீட்டு உபயோகத்திற்கு விற்பதை அமெரிக்காவில் 2003 இறுதியோடு தயாரிப்பாளர்களே நிறுத்திக்கொண்டார்கள். படகின் அடிக்குப் பூசும் வர்ணமும் இவ்வாறே. தகரக் கலவை கொண்ட வர்ணத்தால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது கண்டு, 2001-இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன; 2008 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று விற்கும் வர்ணங்களில் தாமிரம் இருக்கிறது. அதைக் காயலின் ஓரத்திலேயே சுரண்டித் தண்ணீரில் தள்ளும் நமது வள்ளக்கார உறுப்பினர்கள் சிலர் இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிய காலத்தைப் பற்றி அவர்கள் பெருமையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சுரண்டுவதையாவது மேட்டில், தார்ப்பாய் விரித்துச் செய்யலாம்.

பீப்பாய் மிதவைகள் மிதக்கும்வரை தீங்கில்லை என்ற எண்ணம் தவறு. வற்று நேரத்தில், அதுவும் பொழி திறந்திருக்கும் மாதங்களில், ஆழம் குறைந்த ஓரத்தில் அவை தரை தட்டிச் சேற்றை அமுக்குகின்றன; அங்கே நண்டு வளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. பீப்பாய்க்குப் பதிலாகத் தெர்மாகோல் கட்டிகளை வைத்தவர்களின் மிதவையிலிருந்து வெள்ளை மணிகள் உதிர்ந்து கண்டல் (அலையாத்தி) மரங்களின் வேர்களில் சிக்கிக் கிடப்பதையும் பார்த்தோம். சங்கிலிகளின் கதை இதைவிட எளிது. காற்று திரும்பும்போதெல்லாம் படகு நங்கூரத்தைச் சுற்றி வருகிறது. தரையில் கிடக்கும் சங்கிலி வட்டமாக உழுகிறது. ஆஸ்திரேலியாவின் ராட்னெஸ்ட் தீவில் கடற்புல் வெளியில் இத்தகைய வெறுமை வட்டங்களை வெகு காலம் முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். நமது காயலில் தண்ணீர் கலங்கல் என்பதால் மேலிருந்து தெரிவதில்லை, காலால் தடவினால் தெரியும். சங்கிலியின் நடுவில் ஒரு சிறு மிதவையைக் கட்டித் தரையிலிருந்து தூக்கிவிட்டால் போதும், செலவு அதிகமில்லை.

சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 18-இல் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கண்டல் காடுகளை மிகக் கடுமையான பிரிவில் வைக்கிறது. 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்டல் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் காப்பிடமும் வேண்டும் என்கிறது. ஓதம் ஏறும் ஆறும் காயலும், வறட்சிக் காலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு தெரியும் இடம் வரை, இம்மண்டலத்திற்குள் அடங்கும். பாலத்துக்குக் கீழே உள்ள நமது காயல் முழுவதும் இதற்குள்தான் வருகிறது என்பது நமது கருத்து. எந்தத் துறைக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டு ஓர் அலுவலகத்திற்கு இரு முறை எழுதினோம். இன்றுவரை பதில் இல்லை. அனுமதி கேட்பவர்களுக்கும் ஒவ்வொரு துறையையும் தனித்தனியாகப் பார்த்தே பதில் சொல்லப்படுகிறது என்பதுதான் என் முக்கிய முறையீடு. தனியாகப் பார்த்தால் ஒரு துறையின் நிழல் ஒரு பாய் விரித்த அளவுதான், யாரும் மறுக்க முடியாது. பாய்கள் அடுத்தடுத்து விரிக்கப்பட்டு மேற்குக் கரையின் ஆழமற்ற ஓரம் முழுவதும் மூடிக்கொண்டு வருவதை ஒரே தாளில் பார்ப்பவர் யாரும் இல்லை. 2022-இல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள், பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அங்கே பறவைகளைக் கணக்கெடுப்பது போல, இங்கே நிழலைக் கணக்கெடுக்க வேண்டும். அதற்காகச் செயற்குழு ஒரு கையெழுத்து வரைபடத்தைத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு துறையின் நீளம், அகலம், தண்ணீரிலிருந்து உயரம், பலகை இடைவெளி, தூணின் பொருள் ஆகியவற்றை அதில் குறித்து வருகிறோம். மேற்குக் கரை பாதிதான் முடிந்திருக்கிறது.

முடிந்த பாதியிலேயே ஓர் உண்மை தெளிவாகிவிட்டது. இதுவரை நாங்கள் அளந்தவற்றில் அகலம் மிகுந்ததும், தாழ்ந்ததும், பலகைகளுக்கிடையே விரல் நுழைய இடமில்லாததும் நமது சங்கத் துறைதான். சுனாமிக்குப் பிறகு அவசரத்தில், வள்ளங்களை எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கட்டியது. அன்று இதைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை. சென்ற ஆண்டு கேள்வி கேட்ட மேற்குக் கரை வீட்டுக்காரர் கேட்டது சரியே என்பதை இந்த அறிக்கை பதிவு செய்கிறது. அவரும் தமது திட்டத்தை நிறுத்திவைத்து, பக்கத்து வீட்டாருடன் ஒரே துறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார்.

ஆகவே பொதுக்குழுவின் முன் செயற்குழு வைக்கும் தீர்மானம் இதுதான். ஆடி கழிந்து கடல் அடங்கியதும் சங்கத் துறையைப் பிரித்து, நடுப்பகுதியில் கம்பிவலைத் தட்டு இட்டு, இயன்ற அளவு உயர்த்தி, அகலத்தைக் குறைத்துக் கட்ட வேண்டும். பிரித்து எடுக்கும் பலகைகளில் நல்லவற்றைத் தளவாடக் கொட்டகைக்குப் பயன்படுத்தலாம். வேலை நடக்கும் நாட்களில் வள்ளங்களை எங்கே கட்டுவது என்பதில் மட்டும் கிழக்குக் கரை உறுப்பினர்களுக்கும் மேற்குக் கரை உறுப்பினர்களுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை; தேநீருக்குப் பிறகு அதையே முதலில் எடுத்துக்கொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்