திருப்பணி நிறைவு அறிக்கை: சாய்தளக் கணக்கும் அதற்கான விளக்கமும்

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

பிள்ளையார் அருளால் குடமுழுக்கு குறைவில்லாமல் நடந்தேறியது. விமான வர்ணம், மடப்பள்ளித் தளம், மின் வயரிங், மதில் பூச்சு எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. பில்கள் கோப்பில் உள்ளன. அவற்றைப் பற்றி இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்க வருபவர்கூடக் கேட்பது, சக்கர நாற்காலி மண்டபத்துக்கு ஏற நாம் கட்டிய வடபுறச் சாய்தளத்தைப் பற்றித்தான். ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

மதிப்பீடு 1,80,000 ரூபாய். செலவு 3,12,000 ரூபாய். கூடுதலாகப் போன 1,32,000 ரூபாயில், முதலில் கட்டியதை இடித்து அப்புறப்படுத்த 14,000, நீளம் கூடியதற்கான கான்கிரீட்டும் கம்பியும் 61,000, தரைக்கல் வித்தியாசம் 22,000, இருபுறக் கைப்பிடி 35,000. "கட்டியதை ஏன் இடித்தீர்கள்?" என்பதே எல்லோர் வாயிலும் இருக்கும் கேள்வி.

நம் மண்டபம் தரையிலிருந்து 21 அங்குல உயரம், மூன்று படி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளம் ஓட வேண்டும் என்பது விதி. அப்படியானால் நமக்கு 21 அடி. ஒப்பந்தப் பத்திரத்தில் "12க்கு 1 சரிவு" என்று எழுத்தில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் கட்டி முடித்துக் காட்டியது 10 அடி. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு செங்குத்து. மேலே பளபளவென்று பாலிஷ் கிரானைட் வேறு. அபிஷேகத் தண்ணீரும் விளக்கெண்ணெயும் சிந்தும் இடத்தில், இரண்டு காலும் நன்றாக இருப்பவனே வழுக்கி விழுவான்.

"கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இப்படித்தான் சார் போட்டிருக்கேன், ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்றார் அவர். ஏறவே முடியாதவர் எங்கே வந்து குறை சொல்வது?

பேச்சை வளர்க்காமல், வெள்ளிதோறும் பூமாலை கட்டித்தரும் மூன்றாம் தெரு அக்காவை அழைத்தோம். பிறர் தள்ளாமல் தன் கையால் சக்கரத்தை உருட்டி வருபவர். பாதி தூரம் ஏறியதும் முன்னால் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்களும் தரையை விட்டு எழும்பின. "அண்ணே, பின்னாடி சாயுது, புடிங்க!" என்றார். நானும் குருக்களும் பிடித்தோம். ஒப்பந்ததாரர் அங்கேதான் நின்றார். "பின்னாடி ஒரு ஆள் தள்ளினா ஏறிடும்" என்றார். அதற்கு அக்கா, "ஆள் இருந்தா படியிலயே தூக்கிட்டுப் போயிருவாங்களே, இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அன்று மாலையே குழு கூடி இடிக்கத் தீர்மானித்தது. தீர்மானத்தில் எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள், இப்போது வெளியே வேறு மாதிரி பேசுகிறவர்கள் உட்பட.

கட்டியதற்காக ஒப்பந்ததாரர் கேட்ட 52,000 ரூபாயை நாம் கொடுக்கவில்லை. வரைபடத்தில் 10 அடி என்றிருக்கிறது, அதில் குழு கையெழுத்துப் போட்டிருக்கிறது என்பது அவர் வாதம். நாம் கையெழுத்திட்டது மண்டபக் கூரை வரைபடத்தில். சாய்தளத் தாளில் அவர் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. இரண்டும் அலுவலகத்தில் உள்ளன, வந்து பார்க்கலாம். இடிப்புக் கூலியை மட்டும் நாம் ஏற்றோம், வழக்கு வம்பு என்று போனால் குடமுழுக்குத் தேதி தள்ளிப்போகும் என்பதால். அவர் பொருளாளருக்குச் சொந்தம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. வந்த மூன்று விலைப்புள்ளிகளில் அவருடையதே குறைவு, அவ்வளவுதான்.

மிச்ச வேலையை வேறு கொத்தனாரை வைத்து முடித்தோம். நேராக 21 அடி ஓட இடமில்லை. 12 அடி ஏறி, நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி சமதளம், பிறகு 9 அடி என மடக்கிக் கட்டினோம். அகலம் 4 அடி. கைப்பிடி இரண்டரை அடி உயரத்தில் ஒன்று, மூன்றடியில் ஒன்று. தரைக்கு நெருப்பில் வாட்டிய சொரசொரப்புக் கல். பழைய படிக்கல்லை உடைக்கவில்லை. நிலைப்படிக்கு இரு பக்கமும் எடுத்து வைக்கும் மரச்சரிவு செய்திருக்கிறோம். இந்த இடத்துக்காக அரளிச்செடிகள் போனதில் எனக்கும் வருத்தமே. செருப்பு ஸ்டாண்டை மேற்கே தள்ளியதில் வருத்தமில்லை.

மொத்தத்தையும் மரத்தில் செய்திருக்கலாமே என்றார் ஒருவர். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. நம்மிடம் மாநகராட்சி நிதி இல்லை.

சட்டம் அரசு அலுவலகங்களுக்குத்தானே, கோயிலுக்கு எதற்கு என்றும் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் எது என்று விளக்கும் இடத்தில் தனியார் கட்டடங்களையும் சேர்க்கிறது, சமயக் காரியங்களுக்கானவற்றையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. "ஒரே ஒருத்தருக்காகவா மூன்று லட்சம்?" என்ற கேள்விக்கு மட்டும் நான் பொறுமையாகப் பதில் சொல்வதாக இல்லை. படியைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

தெருவில் உருண்ட சக்கரம் மண்டபத்துக்குள் வரலாமா என்ற ஐயம் நியாயமானது, மூத்த உறுப்பினர்கள் எழுப்பியது. கோயில் நாற்காலி ஒன்று வாங்கி, வாசலில் மாறி உட்கார வைக்கலாம் என்பது முதல் யோசனை. அக்கா மறுத்தார். அவர் நாற்காலி அவர் உடம்புக்கு அளவெடுத்தது. மெத்தை இல்லாத பொது நாற்காலியில், உணர்ச்சியற்ற இடுப்போடு உட்கார்ந்தால் புண் வரும், ஆறவே மாதங்களாகும். அதோடு அதைத் தானே உருட்டவும் முடியாது. "நாமும் தெருவில் நடந்த காலைக் கழுவிவிட்டுத்தானே வருகிறோம், சக்கரத்தையும் கழுவட்டும்" என்று குருக்களே முடித்துவைத்தார். சாய்தளத்தின் கீழே குழாய் போட்டாயிற்று. மகா மண்டபம் வரை அவரவர் நாற்காலியிலேயே வரலாம்.

கழிப்பறை ஒன்று, மூன்றடிக் கதவு வெளிப்புறம் திறக்கும்படி, பிடிகம்பிகளோடு, மதிப்பீட்டுக்குள் முடிந்தது. வெளியே கிளம்பினால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உபயதாரர்களின் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. யார் பெயர் முதலில் என்ற பஞ்சாயத்து இங்கும் வேண்டாம் என்று தெரு வரிசையில் தருகிறேன். முதல் தெரு: பால் வியாபாரக் குடும்பம், கைப்பிடிக் குழாய்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, 25,000. மாடி வீட்டு மருமகள், தன் மாமனார் நினைவாக 10,000. இரண்டாம் தெரு: மளிகை அண்ணாச்சி, சிமென்ட் 40 மூட்டை. ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், கைமாற்றுப் போலக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காத 11,000. தையற்கடை அக்கா, 2,001. மூன்றாம் தெரு: மருந்துக்கடைக்காரர், கழிப்பறைப் பிடிகம்பிகள். துபாயில் இருக்கும் எலக்ட்ரீசியன் தம்பி, 30,000. மாலை கட்டும் அக்கா, 5,000. வேண்டாம் என்றோம், ரசீது போட்டே தீர வேண்டும் என்று வாங்கிச் சென்றார். நான்காம் தெருவிலிருந்து வந்தது யோசனைகள் மட்டும்.

குடமுழுக்கன்று சாய்தளத்தில் முதலில் ஏறியது பொங்கல் அண்டா வைத்த தள்ளுவண்டி. அடுத்து அக்கா, ஒருவர் கையும் படாமல். அவருக்குப் பின்னால் வாக்கர் ஊன்றி வந்த பாட்டிமார் வரிசை.

தணிக்கையான கணக்கு அலுவலகத்தில் மாலை 6 முதல் 8 வரை பார்வைக்கு இருக்கும். ரசீது வராதவர்கள் பொருளாளரைக் கேட்கவும். சாய்தளத்தின் அடியில் பைக் நிறுத்துகிறவர்களின் வண்டிக்குச் சங்கிலி போடக் குழு தீர்மானித்துள்ளது. சாவி என்னிடம் இருக்கும், நான் வெளியூர் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.